இன்ஜினீயரிங் முடிச்சுட்டு... மானிடவியல்!

'மானிடவியல்' - இந்த வார்த்தையை இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது உங்க வீட்டுல ஒரு தடவை சத்தமா சொல்லிப் பாருங்களேன். "அது என்ன, மானியம் தர்ற ஆபீஸா?" என்று யாராவது கேட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலும் கேள்வியே வராது. "ரசம் ஊத்தட்டுமா?" என்று பேச்சு மாறிவிடும்!

நான் சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். ஊர், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு. எங்க ஊருக்கு ஒரு பக்கம் ஜவ்வாது மலை. இன்னொரு பக்கம் போனால் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையோரம் நீளும் தோல் பெல்ட். காலையில விடியுறதுக்கு முன்னாடியே ஷூ கம்பெனி பஸ்கள் ஊர் ஊரா வந்து பெண்களை அள்ளிட்டுப் போகும். அதுல ஒரு பஸ்ஸை ஓட்டுறவர் எங்கப்பா.

டிகிரி முடிச்சதும் நான் படிக்க ஆசைப்படுறது எம்.டெக். இல்லை, எம்.பி.ஏ. இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துல எம்.ஏ. மானிடவியல். ஆமாங்க, எம்.ஏ.! 'நாலு வருஷம் கான்கிரீட் படிச்சுட்டு எதுக்கு இந்த வேண்டாத வேலை?' என்று நீங்க கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பதில் சொல்றேன். உங்களுக்காக எழுதுற மாதிரி இருந்தாலும், இதுல பாதி எங்க அப்பா, அம்மாவுக்காக எழுதுறது. வாங்க.

அது என்ன படிப்பு?

மானிடவியல், மானுடவியல் - ரெண்டும் ஒண்ணுதான். மனுஷனைப் பற்றிய படிப்பு. 'அதான் சரித்திரம், சமூகவியல், பயாலஜி எல்லாம் இருக்கே?' என்றால், இது எல்லாத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கும் படிப்பு.

பொதுவா நாலு கிளைகள் சொல்வாங்க. முதலாவது, உடல்சார் மானிடவியல். மனித உடல் எப்படி இப்படி ஆச்சு, மனுஷங்க எங்கேயிருந்து எங்கே நடந்து போனாங்க என்று பார்ப்பது. ரெண்டாவது, தொல்லியல். எங்க அணைக்கட்டுப் பக்கத்திலேயே அப்புக்கல்லு என்று ஓர் ஊர் இருக்கு. அங்கே 1970-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையினர் அகழாய்வு செய்திருக்கிறார்கள். நாங்க பஸ்ஸுல தாண்டிப் போற ஊரைத் தேடி ஒரு பல்கலைக்கழகம் மண்வெட்டியோட வந்திருக்கு! மூணாவது, மொழிசார் மானிடவியல். நாலாவது, ரொம்பப் பெரிசு - சமூக, பண்பாட்டு மானிடவியல். கல்யாணம், சாமி, சொத்து, சண்டை, சாப்பாடு, வேலை என்று மனுஷங்க சேர்ந்து வாழ்ற விதம் எல்லாம் இதுக்குள்ள வரும்.

இதோட ஸ்பெஷல் என்ன தெரியுமா? களப்பணி. ஒரு ஃபார்மைக் கொடுத்து 'ஆம்', 'இல்லை' டிக் பண்ணச் சொல்லிட்டு சாயங்கால பஸ்ஸுல திரும்பி வர்றது இல்லை. அந்த மக்களோடவே தங்கி, அவங்க பேசுற பாஷையைப் பேசி, அவங்க வேலையைக் கூடவே செஞ்சு, மாசக்கணக்குல இருந்து பார்த்து எழுதுறது. போலந்துல பிறந்த மாலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர் நடந்த வருஷங்களில் பசிபிக் கடலில் இருக்கும் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரம் போட்டுத் தங்கி வேலை பார்த்தார். 1922-ல் அவர் எழுதிய புத்தகம் வந்த பிறகு, 'கூட இருந்து பார்' என்பதே இந்தப் படிப்பின் அடிப்படைப் பாடம் ஆகிவிட்டது.

சரி, கூட இருந்து பார்த்தால் என்ன பெரிசா தெரிஞ்சிடும்? எங்க வீட்டுலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

அம்மா 'சும்மா' இருக்காங்க!

காலேஜ் ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு, பார்த்திருப்பீங்க. "அம்மா, இதுல என்ன போட?" என்று கேட்டேன். "நான் இன்னா வேலைக்கா போறேன்? வூட்ல சும்மாதான கீறேன். அப்படியே எழுதிக்க பாப்பா" என்றார். அதைச் சொல்லும்போது அம்மா கையில் ஊசி இருந்தது. மடியில் ஷூ அப்பர் இருந்தது. பக்கத்தில் தைத்து முடித்த ஜோடிகள் அடுக்கி இருந்தன.

தெரியாதவங்களுக்கு: அப்பர் என்றால் ஷூவின் மேல் பாகம். மெஷினில் வெட்டின தோல் துண்டுகளை மூட்டையாகக் கட்டி ஏஜென்ட் வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவார். வீட்டில் இருக்கும் பெண்கள் அதைக் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் நடக்கும் வேலை இது. தடிமனான தோலில் ஊசியைக் குத்தி நூலை இழுத்து இழுத்து விரல் காய்த்துப்போகும், தோள்பட்டை வலிக்கும். அந்த ஷூ கப்பலேறி ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடைக்குப் போகும். அதைத் தைத்த அம்மாவுக்கு பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. ஏன்? அவங்கதான் 'சும்மா' இருக்காங்களே!

இப்போ யோசிங்க. சர்வே எடுக்க ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்து, "என்ன வேலை பார்க்குறீங்கம்மா?" என்று கேட்டால் அம்மா என்ன சொல்வாங்க? "வீட்டுலதான் இருக்கேன்." அவரும் எழுதிக்கிட்டுப் போய்விடுவார். அம்மா பொய் சொல்லவில்லை. வந்தவரும் தப்பா எழுதவில்லை. ஆனால் ஒரு மனுஷியின் இத்தனை வருஷ உழைப்பு கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது.

அதே ஆள் நாலு நாள் எங்க திண்ணையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? மூட்டை எப்போ வருது, ரேட்டை யார் சொல்றாங்க, தையல் சரியில்லை என்று எத்தனை ஜோடி திரும்பி வருது, பக்கத்து வீட்டு அக்கா எதுக்கு எங்கம்மாவுக்கு ரெண்டு ஜோடி தைத்துக் கொடுக்குறாங்க என்று எல்லாம் தெரிஞ்சிடும். முக்கியமா, ஊசி பிடிச்ச கையோட அம்மா ஏன் தன்னை 'சும்மா இருக்கேன்' என்று சொல்லிக்கிறாங்க என்ற கேள்வி வரும். கம்பெனிக்குப் போனால்தான் வேலை, வீட்டில் செய்தால் அது பொழுதுபோக்கு என்று அவங்க மனசுல யார் எழுதினது? இதுக்கு என் சிலபஸில் எந்த யூனிட்டிலும் பதில் இல்லைங்க. அந்தப் பதில் வேண்டும் என்றுதான் நான் இந்தப் படிப்பைத் தேடினேன்.

சுவர் மட்டும்தான் விழுந்ததா?

இன்ஜினீயரிங்கை மட்டம் தட்டறேன் என்று நினைக்காதீங்க. எனக்குப் பிடிச்சுத்தான் படிக்கிறேன். ஆனால் எங்க ஏரியாவில் பிறந்தால், இன்ஜினீயரிங் எங்கே முடியுது என்பது கண்ணு முன்னாடியே தெரியும்.

1996 ஆகஸ்ட் 28. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யும் ஒரு தீர்ப்பை அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் கொடுத்தது. கேஸ் பெயரிலேயே நம்ம ஊர் இருக்கு - வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம். தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்தப் பெல்ட்டில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாவோ பாதியாவோ பயிர் செய்ய லாயக்கில்லாமல் போச்சு என்று ஓர் ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர், சுமார் 170 வகை ரசாயனம் என்ற கணக்கும் அதில் இருக்கு. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், டேனரிகள் எல்லாம் சுத்திகரிப்பு வசதி செய்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. அங்கேதான் இன்ஜினீயர்கள் உள்ளே வந்தார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழும்பின.

அப்புறம்? 2015 ஜனவரி கடைசியில் ஒரு ராத்திரி. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள்.

என் கிளாஸில் இதைக் கேள்வியாகக் கொடுத்தால் நாங்க என்ன எழுதுவோம்? சுவரின் கனம், பக்கவாட்டு அழுத்தம், கொள்ளளவு. எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் வேற கேள்விகளும் இருக்கே. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தாண்டி அவங்க ஏன் இங்கே வந்தாங்க? வேலை செய்யும் இடத்திலேயே ஏன் தூங்கினாங்க? உள்ளூர்க்காரங்க விட்டுட்டுப் போன வேலைகள் எது எது? தோலைத் தொடுற வேலை யாருக்கு என்று நம்ம ஊர்ல காலங்காலமா எப்படி முடிவாச்சு? அதில் சாதி எங்கே நிற்குது, வியாபாரம் எங்கே நிற்குது? சுவர் ஏன் விழுந்தது என்பதை என் சிலபஸ் சொல்லிடும். அது விழும்போது அங்கே யார் இருந்தாங்க, ஏன் இருந்தாங்க என்பதைச் சொல்லாது.

இந்தக் கதை பழசு ஆகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 1996 தீர்ப்பு வந்து 28 வருஷத்துக்கும் மேல ஆன பிறகு, 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் வேலூர் டேனரிகளைப் பற்றியே தீர்ப்புச் சொன்னது. ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு போடு, பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு கொடு என்று! தண்ணியில் எவ்வளவு குரோமியம் இருக்கு என்று அளக்க நம்மகிட்ட கருவி இருக்கு. இத்தனை வருஷம் ஒரு தீர்ப்பு ஏன் மனுஷங்களைப் போய்ச் சேரலை என்று அளக்க எந்தக் கருவி?

மலைக்கு மேலே ஒரு கேள்வி

இப்போ எங்க ஊருக்கு இன்னொரு பக்கம் திரும்பலாம். அணைக்கட்டு ஒன்றியத்திலேயே மலைக்கு மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று ஊராட்சிகள் இருக்கு. அல்லேரியும் அங்கேதான். 2023 மே மாசம் அல்லேரி மலை அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலைக்குச் சரியான ரோடு இல்லை. ஆஸ்பத்திரி வருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்தபோதும், ரோடு முடியும் இடத்தில் இறக்கிவிடப்பட்டு, பெத்த அம்மாவே உடலைக் கையில் ஏந்திப் பல கிலோமீட்டர் நடந்தார். பேப்பரில், டி.வி.யில் பார்த்திருப்பீங்க.

ரோடு வேணும். அதில் ரெண்டாவது கருத்தே இல்லை. சிவில் படிக்கிற நான் அதை மாத்திச் சொன்னால் என்னை கிளாஸை விட்டே துரத்தணும். ஆனால் ரோடு எப்படிப் போகணும் என்று யாரைக் கேட்குறோம்?

எங்க காலேஜ் சர்வே கேம்ப்பில் மலையடிவாரத்தில் ஓர் ஊருக்குப் போனோம். டோட்டல் ஸ்டேஷன் வைத்து உயரம், சரிவு எல்லாம் அளந்து, குறைந்த தூரத்தில் ஓர் அருமையான பாதை போட்டோம். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா எங்க வரைபடத்தைப் பார்க்கணும் என்றார். காட்டினோம். விரலை வைத்து, "இது இன்னாம்மா?" என்றார். "மரங்கள் தாத்தா" என்றேன். "மரமில்லமா, எங்க சாமி. அங்க செருப்புகூட போட்டுக்கினு போமாட்டோம்" என்றார். அவ்வளவுதான். எங்க படத்தில் அது பச்சைப் புள்ளிகள். அவர் ஊருக்கு அது கோயில். கருவி சொன்னது துல்லியம்தான், ஆனால் அவரைக் கேட்காமல் அந்தப் பாதை முழுசாகாது.

அந்த மலைமேல் இருக்கிற பழங்குடி மக்களுக்கு என்ன பெயர் தெரியுமா? மலையாளி! உடனே கேரளா ஞாபகம் வருதா? எல்லாருக்கும் அப்படித்தான் வரும். ஆனால் இவங்க பேசுறது தமிழ். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற அர்த்தத்தில் வந்த பெயர். முன்னோர்கள் காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் மத்தியில் வழங்கும் கதை. 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதிலும் பலர் ஜவ்வாது மலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடியினர்தான். நம்ம ஒன்றியத்து மலை, நம்ம பாஷை. ஆனால் செத்தால் மட்டும்தான் அவங்க நமக்குச் செய்தி. நடுவில் எப்படி வாழ்றாங்க என்று எழுத யாராவது வேணும் இல்லையா?

ஏன் சேப்பாக்கம்?

'சரி, படி. எதுக்கு அந்த யுனிவர்சிட்டியிலேயே?' என்று அடுத்த கேள்வி வரும். என்னிடம் மூணு காரணம் இருக்கு.

ஒண்ணு, இந்தப் படிப்புக்கு அங்கே வயசு இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது 1857. அதன் மானிடவியல் துறை 1945-ல் தொடங்கியது. அதே 1945-ல்தான் மத்திய அரசின் இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனமும் பிறந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு ரெண்டு வருஷம் முன்னாடி! எங்க வேலூர் காலேஜ்கள்கூட 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வரும்வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழேதான் இருந்தன. அதனால் எங்க ஊர் டீச்சர்கள் பலருக்கு அது பழைய வீடு மாதிரி.

ரெண்டு, இந்தப் படிப்பின் நல்லது, கெட்டது ரெண்டுமே சென்னையில் கையெட்டும் தூரத்தில் இருக்கு. எழும்பூர் மியூசியத்துக்குப் போயிருக்கீங்களா? 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி அவர் கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளை இன்னிக்கும் ஆராய்ச்சி பண்றவங்க புரட்டுறாங்க. ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? மக்களை நிற்க வைத்து மூக்கையும் மண்டையையும் அளந்தார். மூக்கு அளவை வைத்து மனுஷனை வகைப்படுத்தலாம் என்று நம்பிய காலம் அது. ஆளுகிறவன் ஆளப்படுகிறவனைப் பார்த்த பார்வை.

அதே மியூசியத்தில் 1940 முதல் 1960 வரை பொறுப்பில் இருந்தவர் ஏ. அய்யப்பன். லண்டனில் மாலினோவ்ஸ்கி, ஃபிர்த் ஆகியோரிடம் படித்து 1937-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். நம்ம ஆட்களை நம்ம ஆளே ஆராய்ந்த காலம் வந்தது. தர்ஸ்டன் உட்கார்ந்த நாற்காலியில் அய்யப்பன்! அளக்கப்பட்டவர்கள் எழுத ஆரம்பித்தால் அந்தப் படிப்பே மாறிவிடும் என்று நான் நம்புறேன். ஷூ தைக்கிறவங்க வீட்டுப் பொண்ணு அதை எழுதினால் இன்னும் கொஞ்சம் மாறாதா?

மூணாவது காரணம்தான் முக்கியமானது: தூரம். டெல்லிக்கோ ஹைதராபாத்துக்கோ போய்ப் படிக்கலாம்தான். ஆனால் என் களம் எங்கே இருக்கு? எங்க திண்ணையில் இருக்கு. காட்பாடியில் ரயில் ஏறினால் ரெண்டு, ரெண்டரை மணி நேரத்தில் சென்னை. படிச்சதை சனி, ஞாயிறில் ஊருக்கு வந்து சரிபார்க்கலாம். அம்மா சொல்ற ஒரு வார்த்தையைத் தமிழ்லேயே புரிஞ்சுக்கிற பேராசிரியர்கிட்ட விவாதிக்கலாம். 'சும்மா இருக்கேன்' என்பதை வேற பாஷைக்கு மாத்தினால் அதில் பாதி சத்து போயிடும், இல்லீங்களா?

தமிழில் படிக்கப் புத்தகமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பக்தவத்சல பாரதி எழுதிய 'பண்பாட்டு மானிடவியல்', 'தமிழர் மானிடவியல்' இரண்டையும் லைப்ரரியில் கேட்டுப் பாருங்க. சிவில் படிக்கிற எனக்கே புரிஞ்சுது என்றால் உங்களுக்குப் புரியாமல் போகாது!

வேலை கிடைக்குமா பாஸ்?

வந்தாச்சு, கோடி ரூபாய்க் கேள்வி!

உண்மையைச் சொல்லிடறேன். கேம்பஸ் இன்டர்வியூவில் வரிசையாக கம்பெனி வந்து ஆள் எடுத்துட்டுப் போற படிப்பு இது இல்லை. ஆனால் கதவே இல்லாத ரூமும் இல்லை. இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம் இருக்கு. தலைமையகம் கொல்கத்தா, நமக்குப் பக்கத்தில் மைசூரில் ஒரு மண்டல மையம். 1985-ல் அவங்க ஆரம்பித்த 'பீப்பிள் ஆஃப் இந்தியா' திட்டத்தில் நாடு முழுக்க 4,635 சமூகங்களைப் பதிவு செய்தாங்க. அப்புறம் மியூசியம், பழங்குடியினர் நலம், பொதுச் சுகாதாரம், தொண்டு நிறுவனங்கள், கல்லூரி ஆசிரியர் வேலை. ஐ.ஏ.எஸ். கனவு காண்றவங்களுக்கு - யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வின் விருப்பப் பாடங்களில் மானிடவியலும் ஒண்ணு.

'இதெல்லாம் இன்ஜினீயருக்கு எதுக்கு?' என்பவர்களுக்கு ஒரு குட்டிக் கதை. நிஜக் கதை. அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர் வேலை பார்த்தார். புதுசா வந்த ஒரு காப்பி மெஷினை ஜனங்க எப்படிப் பயன்படுத்துறாங்க என்று கூட இருந்து பார்த்து வீடியோ எடுத்தார். கம்ப்யூட்டரில் கரை கண்டவங்களே அந்த மெஷின் முன்னாடி திருதிருவென முழிச்சாங்க! மனுஷன் இப்படித்தான் வரிசையா வேலை செய்வான் என்று இன்ஜினீயர்கள் மனசுல போட்டு வெச்ச கணக்குக்கும், நிஜ மனுஷன் செய்றதுக்கும் நடுவில் பெரிய பள்ளம். 1987-ல் அவர் எழுதிய புத்தகம், மெஷினை வடிவமைக்கிறவங்க யோசிக்கிற விதத்தையே மாத்திச்சு. 1998-ல் ஜெனிவீவ் பெல் என்ற ஆஸ்திரேலிய மானிடவியலாளர் சேர்ந்த கம்பெனி எது தெரியுமா? இன்டெல்! இன்னிக்கு சாஃப்ட்வேர் கம்பெனிகளில் 'யூசர் ரிசர்ச்' என்று ஒரு வேலை இருக்கே, அதுக்குப் பின்னாடி இவங்க எல்லாரும் இருக்காங்க.

அந்த மலையடிவாரத்துத் தாத்தா எங்க வரைபடத்தில் விரல் வைத்தாரே, அதுவும் இதே சங்கதிதான். மெஷினுக்குப் பதில் ரோடு.

கடன் கணக்கு

இனிப்பாகவே பேசிட்டு முடிச்சால் நான் உங்ககிட்ட நேர்மையா நடந்துக்கலை என்று ஆயிடும். எங்க வீட்டில் என் படிப்புக்காக பேங்க்கில் கல்விக் கடன் வாங்கியிருக்கு. தம்பி பிளஸ் ஒன். நாலு வருஷம் முடிஞ்சதும் நான் சம்பாதிக்க ஆரம்பிப்பேன் என்ற கணக்கில்தான் எல்லாமே ஓடுது. அதை 'குறுகிய பார்வை' என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. விடியற்காலையில் பஸ் எடுக்கிறவருக்கும் ஜோடிக் கணக்கில் தைக்கிறவங்களுக்கும் கணக்குப் பார்க்க முழு உரிமை இருக்கு.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கார். "மொதல்ல ப்ளேஸ்மென்ட்ல உக்காரு. வேலை கெடைச்சா ரெண்டு வருஷம் போ. கடன் முடியட்டும். அப்புறம் உன் இஷ்டம்மா." ஃபிரெண்ட்ஸ் எல்லாம், "ரெண்டு வருஷம் சம்பளம் வாங்கிட்டா அப்புறம் எங்கே நீ திரும்பி வரப் போறே?" என்று சிரிக்கிறாங்க. அந்தப் பயம் எனக்கும் இருக்கு. ஆனாலும் சரி என்று சொல்லியிருக்கேன். ஒரே ஒரு எதிர் நிபந்தனையோட: அந்த ரெண்டு வருஷமும் ஊருக்கு வர்றப்போ எல்லாம் நோட்டு எழுதுவேன். அப்பா பஸ்ஸுல ஏறுற அக்காங்களைப் பற்றி, அம்மாவோட மூட்டைகளைப் பற்றி, மலையேறுற பாதையைப் பற்றி. வெறுங்கையோட அட்மிஷனுக்குப் போகக் கூடாது, பாருங்க.

அம்மாவுக்கு இன்னும் முழுசா சம்மதம் இல்லை. "இன்ஜினீயர் படிச்சிட்டு நான் தைக்கிறத எழுதப் போறியா? இத்த யாரு படிப்பாங்க?" என்கிறார். அம்மாவை ஜெயிக்க என்னிடம் பாயின்ட் எதுவும் இல்லை. எழுதிக் காட்டினால்தான் உண்டு.

உங்களுக்கும் ஆசையா?

பி.இ., பி.எஸ்சி., பி.காம். எதுவாக இருந்தாலும் கவலை வேண்டாம். அட்மிஷன் தகுதி, தேதி, கட்டணம் எல்லாம் ஒவ்வொரு வருஷமும் பல்கலைக்கழக அறிவிப்பில் வரும். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்று நம்பாமல், நேரா அதைப் பார்த்துக்கோங்க. சென்னை தூரம் என்பவர்களுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் மானிடவியல் துறை இருக்கு.

அதுக்கு முன்னாடி இந்தப் படிப்பு உங்களுக்குச் செட் ஆகுமா என்று தெரிஞ்சுக்க ஒரு டெஸ்ட் சொல்றேன். பைசா செலவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒண்ணு போதும். ஒரு வாரம், தினமும் அரை மணி நேரம், உங்க தெருவில் ஒரே இடத்தில் உட்காருங்க. டீக்கடை, ரேஷன் கடை க்யூ, தண்ணிக் குழாய், கம்பெனி பஸ் நிற்கும் மரத்தடி - ஏதோ ஒண்ணு. யார் யாரை என்ன முறை வைத்துக் கூப்பிடுறாங்க, யார் உட்கார்றாங்க, யார் நின்னுக்கிட்டே இருக்காங்க, யார் பேசும்போது யார் வாயை மூடிக்கிறாங்க என்று எழுதுங்க. 'நல்லவங்க', 'பாவம்', 'மோசம்' மாதிரி தீர்ப்பு எதுவும் நோட்டில் வரக் கூடாது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும். முக்கியமா, எழுதுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அது மரியாதை மட்டும் இல்லை, இந்தப் படிப்பின் சட்டமும்கூட.

ஏழாவது நாள் நோட்டைத் திறந்து படிங்க. இத்தனை வருஷம் தினமும் தாண்டிப் போன இடத்தில் உங்களுக்குத் தெரியாதது இவ்வளவு இருந்ததா என்று தோணினால்... சேப்பாக்கம் கேன்டீனில் சந்திப்போம். டீ உங்க செலவு. கடன் இருக்குன்னு மேலேயே சொன்னேனே!